கடலில் மிதந்த நகரம்

அந்தலூஸ் தேசத்துப் பேரறிஞர் இப்னு ஜுபைர் அவர்களின் 'ரிஹ்லா' என்னும் பயண நூலிலிருந்து நாம் மாணாக்கர்க்கு எடுத்தோதுவன பெரும்பாலும் மக்காவையும் பக்தாதையும் டமாஸ்கஸையும் பற்றிய பகுதிகளே. அவர் நடுக்கடலில் கழித்த நாட்களைப் பற்றிய பகுதியோ பக்கம் புரட்டப்பட்டுப் போய்விடுகிறது. ஆயினும், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மரக்கலத்தில் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அறிய விழைவோர்க்கு அதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

கி.பி. 1145இல் வலன்ஸியாவில் பிறந்த அவர், கிரனாடா ஆளுநரிடம் எழுத்தராய்ப் பணியாற்றியவர். 1183 பிப்ரவரியில் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டார். கடமையை நிறைவேற்றி ஊர் திரும்புகையில் அவர் கப்பலேறிய துறைமுகம் அக்கா. அப்பொழுது அது சிலுவைப் போராளிகளின் கையில் இருந்தது. சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்கள் கரக் கோட்டையை முற்றுகையிட்ட அதே ஆண்டில், 1184இல், டமாஸ்கஸிலிருந்து வணிகச் சாத்துகள் அக்காவுக்குத் தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தன. படைகள் தம் போரை நடத்த, வணிகரும் பயணிகளும் தம் வழியே செல்லும் இந்த விந்தையை அவரே வியந்து எழுதியிருக்கிறார்.

கப்பல் ஜெனோவாக்காரருடையது. காற்று வாய்க்கும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. கொண்டல் என்று நம் கடலோர மக்கள் வழங்கும் கீழ்க்காற்று, அக்கரையில் இளவேனிலிலும் கூதிர்காலத்திலுமே வீசும். கூதிரில் அதன் ஆயுள் ஏறத்தாழப் பதினைந்தே நாட்கள். அதைத் தவறவிட்டவர் மாதக்கணக்கில் தங்க நேரும். காத்திருந்து சலித்த இப்னு ஜுபைரும் தோழர்களும் ஓரிரவு கரையில் உறங்கினர். ஹிஜ்ரி 580 ரஜப் பிறை 10, அதாவது 1184 அக்டோபர் 18, விடிந்து பார்த்தால் கப்பலைக் காணோம்! மூட்டை முடிச்சுகள் எல்லாம் அதில். நான்கு துடுப்புகள் கொண்ட படகொன்றை வாடகைக்கு அமர்த்தித் துரத்திச் சென்று, மாலையிலேதான் எட்டிப் பிடித்தனர். பொருளை விட்டுப் பிரியாதே என்று ஊருக்குச் சொல்லும் கல்விமான்களுக்கும் இது நேரத்தான் செய்கிறது.

கப்பலில் ஜெருஸலத்திலிருந்து திரும்பும் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் ஈராயிரவருக்கு மேல் இருந்தனர். அவர்களை 'பில்கிரிய்யீன்' என்று, அவர்கள் மொழிச் சொல்லையே அரபு உருவில் வார்த்து எழுதுகிறார். முஸ்லிம்கள் தமக்கெனத் தனியிடம் ஒதுக்கிக்கொண்டனர். பகற்பொழுதில் அந்தத் தளம் கடைத்தெருவாகவே விளங்கிற்று. ரொட்டி, மாதுளை, சீமை மாதுளை, பேரி, அக்ரோட்டு, அவித்த கடலை, வெங்காயம், பூண்டு, அத்தி, பாற்கட்டி, மீன் எல்லாம் விலைக்குக் கிடைத்தன. தர்பூசணியை அவர் சிந்துப் பழம் என்று குறிக்கிறார். நம் சிந்து நாட்டின் பெயர் மத்தியதரைக் கடல் நடுவே ஒலித்திருக்கிறது. எல்லாப் பண்டமும் நிறைந்த ஒரு நகரத்தில் வாழ்வது போலிருந்தது என்பதே அவர் கருத்து.

காற்று மாறிற்று. மேல்காற்று மோதிப் பாய்மரமொன்று முறிந்து பாயுடன் கடலில் வீழ்ந்தது. பின்னர் காற்றே அடங்கிவிட்டது. சுலைமான் நபி (அலை) அவர்களின் பளிங்கு மாளிகையை நினைவூட்டும் சொற்களால் அந்த அசைவற்ற நீர்ப்பரப்பை வருணிக்கிறார். அவ்வாறு தேங்கிக் கிடந்த நாட்களில் நவம்பர் முதல் தேதி வந்தது. அது கிறிஸ்தவர்களின் பெருநாள். சிறியோர் பெரியோர், ஆண் பெண் என்று ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவத்தி எரிந்தது. பாதிரிமார் தொழுகை நடத்தி, ஒருவர்பின் ஒருவராக எழுந்து உரையாற்றினர். மேல் தளம் முதல் அடித்தளம்வரை கப்பல் முழுதும் ஒளிமயமாயிற்று. அவர்கள் நகரங்களின் பெயரை எழுதும்போதே அவை அழிக என்று துஆச் செய்யும் பேனா இது. அதே பேனா அந்த இரவின் அழகைக் குறைத்தோ திரித்தோ எழுதவில்லை. பகைமையை மறைக்காமலும், கண்டதை மாற்றாமலும் எழுதுவது எளிதன்று.

மரணங்களும் நிகழ்ந்தன. முஸ்லிம்கள் இருவர் இறந்தனர்; அவர்களைக் கடலில் இறக்கினர். யாத்திரிகர்களிலும் இருவர், பின்னர் இன்னும் பலர் மாண்டனர். இறந்தவர் எம்மதத்தவராயினும் அவர் உடைமை கப்பல் தலைவனுக்கே சேரும் என்பது அவர்கள் வழக்கம். வாரிசுக்கு அதில் வழியில்லை. ஃபராயிள் கற்பித்துப் பழகிய எனக்கு நூலின் இந்த இடத்தைக் கடந்து செல்வது கடினமாகவே இருக்கிறது. ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று தாய்க்கும் மனைவிக்கும் அல்லாஹ் வகுத்தளித்த பங்கு, ஊரில் அவர்கள் வாசலைப் பார்த்துக் காத்திருக்க, நடுக்கடலில் அயலான் ஒருவன் பெட்டிக்குள் போயிற்று.

பதினைந்து இருபது நாளில் முடிய வேண்டிய பயணம் ஐம்பது நாட்களைத் தாண்டியது. முப்பது நாளுக்குக் கட்டுச்சோறு கட்டிய முன்யோசனைக்காரர்களும் தவித்தனர். இறுதியில் ரமளான் பிறை 3, டிசம்பர் 9 இரவில், சிசிலித் தீவின் மெஸ்ஸினா அருகே காற்று கப்பலைக் கரையில் மோதிற்று. சுக்கான்களுள் ஒன்று ஒடிந்தது. (சுக்கான் அரபுச் சொல்லே, மாலுமி என்பதும் 'முஅல்லிம்' என்பதன் திரிபென்பர். ஆசிரியனாகிய எனக்கு அதில் சிறு பெருமிதம் உண்டு.) விடிந்ததும் படகுகள் வந்தன. படகுக்காரர் கூலி கேட்டனர். ஏழை முஸ்லிம்களிடம் காசு இல்லை. உடைந்த கப்பலிலேயே நின்றனர்.

தன் கப்பற்படை வேலையைப் பார்வையிட அவ்வூருக்கு வந்திருந்த சிசிலி மன்னர் இரண்டாம் வில்லியம் இதைக் கேள்வியுற்று, நூறு ருபாயி நாணயங்களைக் கொடுத்து அவர்களைக் கரையேற்றச் செய்தார். அம்மன்னர் அங்கு இல்லாதிருந்தால் பொருள்கள் கொள்ளை போயிருக்கும், தாங்கள் அடிமைகளாகவும் ஆகியிருக்கக் கூடும் என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார். முன்பு போகும் வழியில் ஸார்டினியாவில் ஆணும் பெண்ணுமாக எண்பது முஸ்லிம் கைதிகள் விற்கப்பட்டதை அறிந்தவர் அவர். அந்தச் செய்தியும் இந்த நூறு நாணயமும் ஒரே நூலில் உள்ளன. 1185 ஏப்ரல் 25இல் அவர் கிரனாடா வந்தடைந்தார்.