ஒரு திருக்கைப் பல்லும் தக்காணத்தின் வயதும்



பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்கு வரலாறு என்றால் 1799, 1801. அதைத் தாண்டிப் பின்னால் போக மாட்டோம். புனேயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்ட கேள்வி என்னை ஆறரைக் கோடி ஆண்டு பின்னால் இழுத்துவிட்டது. "சார், இங்கேயும் நம்ம ஊரு மாதிரியே கரிசல். எரிமலைக் குழம்புல இருந்து வந்ததுங்கிறாங்க. ஆறரைக் கோடி வருசம்னு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புனேக் கரிசல் வேறு, கோவில்பட்டிக் கரிசல் வேறு. அங்கே அடியில் இருப்பது எரிமலைப் பாறை. நம் பக்கம் அடியில் இருப்பது நைஸ் என்ற மிகப் பழைய உருமாறிய பாறை. தக்காணத்து எரிமலைக் குழம்பு இங்கே எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் குழம்பு இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. ஒரே நாளில் கொட்டியதல்ல. ஒரு முறை ஓடும், ஆறும், நடுவில் குளம் குட்டை உண்டாகும், சேறு படியும், மறுபடி குழம்பு வந்து மூடும். இரண்டு குழம்புக்கு நடுவே மாட்டிய அந்தச் சேற்றில்தான் விடை இருந்தது.

நாகபுரியில் இருந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப் 1850களிலேயே இந்தச் சேற்றுப் படிவங்களைச் சேகரித்தார். டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த காலத்தவை என்று கருதினார். 1934இல் தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னியும் செடி கொடிப் படிவங்களை வைத்து அதே பக்கம் நின்றார். இல்லை, டைனோசர் காலத்தவை என்று சொன்னவர்களும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் வழக்கு முடியவில்லை.

இது வெறும் தேதிச் சண்டை இல்லை. டைனோசர்கள் போன பிறகு எரிமலை வெடித்தது என்றால், அவற்றின் அழிவில் எரிமலைக்குப் பங்கே கிடையாது. அதே காலம் என்றால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

சாட்சி சொல்ல வந்தது திருக்கை மீனின் பல். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது மட்கிப் போகும். பல் மட்டும் நிற்கும். ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால் ஒரு மீனிடமிருந்தே ஏராளம் கிடைக்கும்.

இதைக் கண்ணால் தேடிப் பொறுக்க முடியாது. மூட்டை மூட்டையாக மண்ணை எடுத்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த கரிசல் கட்டியைத் தண்ணீரில் போட்டால் பொலபொலவென்று உதிர்வதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். பிறகு நைஸான சல்லடையில் அலச வேண்டும். மிஞ்சும் கப்பியை உருப்பெருக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் அரிப்பது மாதிரி. பொறுமையில் இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இனி அடையாளம் காண்பது. இந்த வகைத் திருக்கையின் பல் அறுகோணமாக இருக்கும். தரையில் ஓடு பதித்தது போல ஒன்றோடொன்று பொருந்தும். நத்தை, சிப்பியை நொறுக்கித் தின்ன வசதி. புரட்டிப் பார்த்தால் வேரில் சீப்பு மாதிரி வரிவரியாகப் பள்ளம் இருக்கும். வேளா மீன் என்றால் கதை வேறு. தூத்துக்குடி, வேம்பார் பக்கம் சம்பந்தம் உள்ளவர்களுக்குத் தெரியும், ரம்பம் போல மூக்கு நீண்ட மீன். அந்த ரம்பத்தில் இருப்பது வாய்ப் பல்லே அல்ல, உருமாறிய செதில். இன்றைய வேளாவுக்கு அது குழியில் ஊன்றி வளர்ந்துகொண்டே இருக்கும். டைனோசர் காலத்து ரம்ப மீன்களுக்கோ விழுந்து விழுந்து முளைக்கும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் அவை வேறு வம்சம்.

நம் திருக்கைக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டு ஆன்ரி கப்பெட்டா 1972இல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிலிருந்து ஒரு திருக்கையை விவரித்து இக்டாபாட்டிஸ் என்று பெயர் வைத்திருந்தார். டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகத்து அசோக் சாஹ்னியும் அவர் மாணவர்களும் தக்காணத்துச் சேற்றை அலசியபோது அதே இனப் பற்கள் இங்கேயும் வந்தன. 1986இல் கூர்த்தியோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில் கப்பெட்டாவும் ஒருவர். பாறையின் ஆர்கான் கணக்கு, காந்தத் தடயம், பல் மூன்றும் ஒரே திசையில் கை காட்டின. 1993இல் ஜி. வி. ஆர். பிரசாத்தும் கப்பெட்டாவும் நம் நாட்டு வகைக்கு இக்டாபாட்டிஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். இன்றைய தெலங்கானாவின் ஆசிபாபாத் பக்கத்துப் பற்கள்.

உறவு முறை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. பீர்பால் சாஹ்னி அசோக் சாஹ்னிக்குப் பெரியப்பா. பெரியப்பா இலையைப் பார்த்துச் சொன்னதைத் தம்பி மகன் மீன் பல்லைப் பார்த்து மாற்றினார்! 1988இல் பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் இதே மாதிரிச் சேற்றில் கண்ட ஒரு குட்டிப் பாலூட்டிக்கு, தேதியில் வேறுபட்டிருந்தும், ஹிஸ்லாப் பெயரையே வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

இந்தப் பல்லைப் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தால் ஒன்றுக்கும் உதவாது. எந்தக் குழம்புக்கு மேலே, எந்தக் குழம்புக்குக் கீழே கிடந்தது என்ற குறிப்போடு வந்ததால்தான் சாட்சி எடுபட்டது.

நமக்குக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டம் காரைக் களிமண். சுமார் 10 கோடி ஆண்டுப் பழமை. அங்கே கிடைத்த சுறாப் பற்களைப் பற்றி 2011இல் ஆய்வு வந்திருக்கிறது. அரியலூர் பக்கம் வாரணவாசியில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. திருச்சி வழியாகப் போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். திருக்கைப் பல் எதுவும் வைத்திருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடிப்பக்கம் தெரிகிற மாதிரி.