பேட்டை இல்லாத தடை

மாட வீதியில் எந்த வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில் திருவண்ணாமலைக்குப் பழைய பயிற்சி உண்டு. ராஜகோபுரத்துக்கு முன்னால் தேரடி வீதியில் பெரிய தேருக்கு ஒரு நிலை இருக்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அங்கிருந்து புறப்பட்டு, நான்கு வீதிகளையும் சுற்றி, திரும்ப அங்கேயே வந்து நிற்கும். முதலில் விநாயகர் தேர், அடுத்து முருகர் தேர், பிறகு அண்ணாமலையாரின் மகா ரதம், பெண்கள் இழுக்கும் அம்மன் தேர், கடைசியாகச் சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர் என்று ஒன்று நிலை சேர்ந்த பிறகே அடுத்தது கிளம்புவது வழக்கம். மூலை திரும்பும்போது முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து, தேரை அடி அடியாகத் திசை மாற்றுவார்கள். அந்த நேரத்தில் ஓரமாக ஒரு சைக்கிள் நின்றாலும் ஆபத்து. வடமும் ஆளும் தேரும் போக அன்று தெரு முழுக்கக் காலியாக வேண்டும், ஆகிவிடுகிறது. கடைக்காரரும் வீட்டுக்காரரும் முணுமுணுப்பில்லாமல் வண்டியை அப்புறப்படுத்துகிறார்கள். இதே ஊரில், இதே தெருவில், சாலைப் பணிக்காகவோ நெரிசலுக்காகவோ போடப்படும் நிறுத்தத் தடை மட்டும் சில வாரங்களில் நீர்த்துப்போகிறது. பக்தி இருந்தால் கீழ்ப்படிவார்கள், இல்லாவிட்டால் மாட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. வண்டிக்கு வேறோர் இடம் ஒதுக்கிவிட்டுப் போட்ட தடைகள் இங்கே நின்றிருக்கின்றன. இடம் காட்டாமல் போட்டவை நிற்கவில்லை.

மாட்டு வண்டிக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். செங்கம் கணவாய் வழியாகப் பாராமகால் பகுதியிலிருந்து இறங்கும் சரக்குக்கும் தென்னார்க்காட்டுக்கும் நடுவே இருந்த வணிக முனை திருவண்ணாமலை. 1911 வரை அது தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகுதான் வடார்க்காட்டுக்குப் போனது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் இருந்தவர்கள் சுமார் பதினேழாயிரம் பேர். தீபத்தின்போதோ ஊரைப்போல் பல மடங்கு கூட்டம், அதோடு பெரிய மாட்டுச்சந்தை. ‘அப்போது வண்டிகள் குறைவு, இன்றைய சிக்கலோடு ஒப்பிடாதீர்கள்’ என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இரட்டை மாடு பூட்டிய ஒரு கூண்டு வண்டி, அவிழ்த்துவிட்ட மாடுகளோடு சேர்த்துப் பார்த்தால், இன்றைய காரைவிட அதிக இடத்தை அடைக்கும். சாணியும் வைக்கோலும் தனி. இருந்தும் வண்டிகள் தெருவை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மாடு விடாது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், தீனி வேண்டும், நிழல் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். கோயில் மதிலோரம் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிரிவலத்தின் 14 கிலோமீட்டரையும் நிம்மதியாகச் சுற்றிவர முடியாது. ஆகவே வண்டி தானாகவே தோப்புக்கும் குளக்கரைக்கும் சத்திரத்து முற்றத்துக்கும் பேட்டைக்கும் போனது. எந்தப் போலீஸ்காரரையும்விடக் கண்டிப்பாக நிறுத்த விதியை அமல்படுத்தியவை மாடுகள்தாம். மோட்டார் வண்டிக்கு இந்தத் தேவை எதுவும் இல்லை. பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டால் அது வெயிலில் எட்டு மணி நேரம் பேசாமல் நிற்கும். தெருவோர நிறுத்தம் ஒரு நகரப் பிரச்சினையாக மாறியதற்கு வண்டிகளின் எண்ணிக்கையைவிட இந்தப் பேசாமையே முதல் காரணம் என்பேன்.

அன்றைய சட்டம் இந்த இயல்பைப் புரிந்துவைத்திருந்தது. தெருவில் இடைஞ்சல் செய்பவரைத் தண்டிக்க 1889-லேயே சென்னை மாகாணத்தில் நகரத் தொல்லைகள் சட்டம் வந்தது. ஆனால் தண்டனையோடு விஷயம் முடியவில்லை. 1920-ம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிப்பேட்டை ஏற்படுத்திக் கட்டணம் வசூலிக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. அப்படி ஒரு பேட்டை அமைத்த பிறகு, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் தெருவோரத்தையோ பொது இடத்தையோ அதே காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கவும் வழி செய்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் இடம், பிறகு தடை. இடம் அமைக்காத நகராட்சிக்கு இந்தப் பிரிவின்கீழ் தடுக்க எதுவும் இல்லை. 1886-ல் நகராட்சியாகி, 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை, அந்த இடைக்காலத்தின் பெரும்பகுதியை இந்தச் சட்டத்தின்கீழ்தான் கழித்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் காலாவதியானது. மாட வீதிகளைக் கான்கிரீட் சாலையாக்கும் வேலை தொடங்கியதும் அதே 2023-ல்தான். தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

மோட்டார் வண்டிகளுக்கான சட்டம் வேறு வகையில் சிந்திக்கிறது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 115-வது பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ ஒரு பகுதியில் வாகனங்களைத் தடுக்க அதிகாரம் கொடுக்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்தால் போதும். வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று இடம் குறிப்பது 117-வது பிரிவு. இரண்டும் தனித்தனி அதிகாரங்கள். ஒன்று இன்னொன்றுக்கு முன்நிபந்தனை அல்ல. பழைய சட்டத்தில் சேர்ந்திருந்த இடமும் தடையும் இங்கே பிரிந்துவிட்டன. திருவிழாவுக்கு இந்த ஒரு மாதச் சலுகை கச்சிதமாகப் பொருந்துகிறது, பத்து நாளில் காரியம் முடிந்துவிடும். சாலைப் பணிக்குப் பொருந்துவதில்லை. கான்கிரீட் தன் முழு வலுவை அடைய 28 நாள் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஒரு துண்டுக்கே கிட்டத்தட்ட ஒரு மாதம் என்றால், தெருவைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் போட்டு, அது இறுகி, மறுபக்கம் தோண்டி, நடுநடுவே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வழிவிட்டுச் செய்யும் வேலை மாதக்கணக்கில்தான் ஓடும். அத்தனை நாளும் ‘தற்காலிகம்’ என்ற பெயரில் தடை நீடிக்கும்போது, நேற்று நிறுத்திய இடத்தில் இன்று நிறுத்தலாமா என்பது அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கே தெரியாமல் போகிறது. தேருக்காகச் செய்யும் தடையில் இந்தக் குழப்பம் இல்லை. தொடங்கும் நாளும் முடியும் நாளும் பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன.

தீபத்தின்போது இன்று நடப்பதைப் பார்த்தால், பழைய வரிசை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி என்று ஊருக்குள் வரும் ஒன்பது சாலைகளிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடப்படுகின்றன. திடல்களும் அறுவடை முடிந்த வயல்களும் கார் நிறுத்துமிடங்கள் ஆகின்றன. இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகே நகருக்குள் வண்டி வரக் கூடாது என்று சொல்கிறார்கள். அன்று மட்டும் 1920-ம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் கூட்டம் இப்போது தீபத்தோடு நிற்பதில்லை. தொண்ணூறுகளில் பௌர்ணமி கிரிவலம் வெகுஜன வழக்கமாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் கூட்டத்தால் சனி, ஞாயிறெல்லாம் சிறு திருவிழாக்களாகிவிட்டன. வண்டிப் பெருக்கம் வாரந்தோறும் வருகிறது. மாற்றிடமோ ஆண்டுக்குச் சில நாள்தான் திறக்கிறது. மீதி நாள்களுக்கு எளிதில் கிடைப்பது வட ஒத்தவாடைத் தெருவும் தென் ஒத்தவாடைத் தெருவும். ஒரு பக்கம் கடையும் வீடும், மறுபக்கம் கோயில் மதில். மதிலோரம் வண்டியை ஒட்டி நிறுத்தினால் ‘என் வாசலை மறைக்காதே’ என்று சண்டைக்கு வர அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

மாட வீதிகளைத் திருப்பதிபோல ஆக்கப்போகிறோம் என்பது கான்கிரீட் பணிக்குச் சொல்லப்பட்ட நோக்கம். சாலையின் தரத்துக்கு இந்த ஒப்புமை சரி, நிறுத்த விதிக்குச் சரியல்ல. திருமலையில் மாட வீதிகள் வண்டியில்லாமல் இருப்பதற்குக் காரணம் அந்த மலையூர் முழுக்கத் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருப்பது. கோயிலை ஒட்டிய வீடுகளும் கடைகளும் அங்கே அகற்றப்பட்டன. 2003-ல் ஆயிரங்கால் மண்டபமே இடிக்கப்பட்டது. திருவண்ணாமலையின் பெரிய தெருவும் திருவூடல் தெருவும் அப்படிப்பட்டவை அல்ல. பாத்திரக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, மாடியில் குடும்பம் என்று உள்ளூர்க்காரர்கள் பிழைக்கும் வீதிகள் அவை. திருமலையின் வெறுமையை இங்கே கேட்பது, ஊரைக் காலிசெய்யச் சொல்வதில் போய் முடியும்.

வண்டியை வெளியே தள்ளினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தெரு தோண்டிக் கிடக்கும் மாதங்களில் வாங்க வருபவர் வேறு தெருவுக்குப் பழகிவிடுவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் கடை வாசலில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் வண்டிகளில் எத்தனை வாடிக்கையாளருடையவை? கடைக்காரருடைய பைக்கும், வேலையாட்களின் பைக்குகளும், வெளியூர் பக்தரின் காரும் அங்கே நின்றால், அரை மணி நேரம் சாமான் வாங்க வருபவருக்குத்தான் இடம் இல்லை. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைக்கப்பட்டது இந்தக் காரணத்துக்காகவே. அங்கே அதைக் கேட்டவர்கள் வியாபாரிகள். இன்னும் பழைய உதாரணம் ரோமாபுரி. ஜூலியஸ் சீசர் காலத்ததாகக் கருதப்படும் ஒரு சட்டம், பகலின் முதல் பத்து மணி நேரத்துக்கு நகருக்குள் பாரவண்டிகளைத் தடுத்தது. கோயில் கட்டுமானத்துக்கும் பொதுப்பணிக்கும் சாமான் ஏற்றிவரும் வண்டிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. எந்த வண்டி, எந்த நேரம், எதற்காக என்று பிரித்துச் சொன்ன தடை அது. மாட வீதிக்கும் வேண்டியது இத்தகைய பிரிவினைதான்: சரக்கு இறக்க அதிகாலை, வாடிக்கையாளருக்குக் குறுகிய நேரம், நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு வெளியே இடம்.

முதியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் வெகுதூரத்தில் இறக்கிவிடலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. இறங்குவதும் நிறுத்துவதும் வேறு வேறு என்பதே இதற்குப் பதில். ஒருவரைக் கோபுர வாசல் அருகே இறக்க ஓரிரு நிமிடம் போதும். அந்த வண்டி மூன்று மணி நேரம் அங்கே நிற்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மேற்கே மலை இருக்கும் ஊரில் நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், ரயில் நிலையத்துக்கு அருகே திண்டிவனம் சாலையில் கட்டப்பட்டிருக்கும் புதிய பேருந்து நிலையத்தை நினைத்துப் பார்க்கலாம். பேருந்துகள் அங்கே இடம் பெயரும்போது பழைய நிலையத்தின் நிலத்தில் வணிக வளாகம் எழுப்பும் ஆசை எந்த மாநகராட்சிக்கும் வரும், வாடகை வருமானம் அப்படி. ஆனால் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவ்வளவு பெரிய பொது நிலம் இனி கிடைக்கப்போவதில்லை. மதுரையில் பழைய காய்கறிச் சந்தை இருந்த இடத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில் பன்னடுக்கு நிறுத்தம் கட்டினார்கள். சென்னை தியாகராய நகரிலும் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகத்தோடு தணிகாசலம் சாலையில் ஒன்றைக் கட்டினார்கள். பெரிய கட்டடம்தான் வேண்டும் என்பதில்லை. தண்ணீர், கழிப்பறை, நிழல், காவல், கோபுரம் வரைக்கும் ஒரு மின்கல வண்டி, இவை இருந்தால் திடலே போதும். கூண்டு வண்டிகளுக்கு ஊர் அன்று கொடுத்ததும் ஏறக்குறைய இவற்றைத்தான். இந்த இடம் திறந்த நாளிலிருந்து ஒத்தவாடைத் தெருக்களில் நாள் முழுக்க வண்டி நிறுத்துபவரிடம் அபராதம் வாங்க மாநகராட்சிக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன்னால் வைக்கப்படும் தடைப் பலகையை, அடுத்த பௌர்ணமிக்கு வரும் முதல் கார் மறைத்துக்கொண்டு நிற்கும்.