சிங் அரண்மனை மகளிரின் சடங்குடையும் மஞ்சளின் படிநிலைகளும்

‘மஞ்சள் சீனப் பேரரசருக்கு உரிய நிறம்’ என்னும் கூற்று வகுப்பறைகளில் அடிக்கடி சொல்லப்படுவதாகும். சிங் அரசமரபின் (1644–1912) அரண்மனை மகளிர் அணிந்த சடங்குடையை விளக்க இக்கூற்று போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிங் காலத்திற்கு முற்பட்ட மிங் மரபில் பேரரசியின் தலையாய சடங்குடை மஞ்சள் நிறமுடையதன்று; காட்டுக்கோழி உருக்கள் அமைந்த அடர்நீல ஆடையே அது. மஞ்சு இனத்தவரான சிங் மன்னர்கள் இம்மரபைத் தொடரவில்லை. சியான்லோங் பேரரசரின் ஆணையால் 1759இல் உருவாகி, 1766இல் திருத்தி அச்சிடப்பெற்ற ஓவிய விதிநூல் ஒன்று மகளிர் உடையையும் நிலைவாரியாக வரையறுத்தது. முன்னாளில் வடக்கிலிருந்து வந்து ஆண்ட மரபினர் தம் உடையைக் கைவிட்டதைச் சுட்டி, அவ்வழியைத் தம் மரபினர் பின்பற்றலாகாது என்று அந்நூலின் முன்னுரையில் மன்னர் எச்சரிக்கின்றார். ஆகவே உடை என்பது இன அடையாளத்தைக் காக்கும் அரணாகவும் கருதப்பட்டது எனலாம்.

விதிநூலின்படி, பேரரசரின் தாய், பேரரசி, முதல்நிலைத் துணைவி ஆகியோர்க்கு ஒளிர்மஞ்சள் உரியது. அடுத்த இரு நிலைத் துணைவியர்க்குப் பொன்மஞ்சளும், அவர்க்குக் கீழ்நிலையினர்க்குப் பழுப்புச் சாயலுடைய நறும்புகை நிறமும் விதிக்கப்பட்டன. பட்டத்து இளவரசரின் மனைவிக்குரியது சர்க்கரை பாதாமிப் பழத்தின் மஞ்சள் நிறமாகும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. பேரரசியும் முதல்நிலைத் துணைவியும் ஒரே நிறத்தை உடுத்தின், அவர்களை வேறுபடுத்துவது எங்ஙனம்? இதற்கு மணிமாலைகள் விடை தருகின்றன. ஒவ்வொன்றும் 108 மணிகள் கொண்ட மூன்று மாலைகளைச் சடங்குடையுடன் அணிதல் மரபு. பேரரசியின் மாலைகளுள் ஒன்று மஞ்சூரிய முத்தாலும் இரண்டு பவளத்தாலும் ஆனவை. முதல்நிலைத் துணைவிக்கோ முத்துக்கு மாற்றாக அம்பர் மாலையே உரியது. மேலும், ஆடையின்மீது அனைவரும் கருநீலக் கையில்லா மேலாடை அணிந்தமையால், மஞ்சள் முதன்மையாகக் கைப்பகுதியிலேயே புலப்பட்டது. எனவே நிறம் தனித்து நின்று நிலையை உணர்த்தவில்லை; அணிகளோடு சேர்ந்தே பொருள் தந்தது.

இம்முடிவு ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுவதாகும். இயற்கைச் சாயங்கள் ஒளிபட்டு மங்குவன. ஆதலின் அருங்காட்சியக ஆடையொன்றின் இன்றைய நிறத்தை மட்டும் நோக்கி, அதற்கு உரியவர் இன்னாரெனத் துணிதல் பிழைக்கு இடந்தரும். அவ்வாறே, மேற்சுட்டிய நிறங்கள் அனைத்தையும் தமிழில் ‘மஞ்சள்’ என்னும் ஒரு சொல்லால் பெயர்ப்போமாயின், அம்மகளிரிடையே நிலவிய ஏற்றத்தாழ்வே மாணவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.