அறக்கொடையால் எழுந்த வீதிகள்: ஜார்ஜ் டவுன் தமிழ் முஸ்லிம் நகர்ப்பகுதியை வாசிக்கும் முறை

முன்னுரை

அரபு, பெர்பர் மக்களின் பழம்பெரும் நகரங்கள் எனும்போது மொரோக்கோவின் ஃபெஸ், மராக்கேஷ், துனீசியாவின் கைரவான் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இந்நகரங்களுக்கும் தமிழாய்வுக்கும் தொடர்பில்லை என்பது பொதுவான எண்ணம். ஆயின், 1304ஆம் ஆண்டு தாஞ்சியர் நகரில் பெர்பர் குடியொன்றில் பிறந்த இப்னு பதூதா 1340களில் மதுரைக்கு வந்து தங்கியவர். அக்காலத்தில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவினர். தமிழகக் கரையில் ‘ஃபத்தன்’ என்று தாம் குறிக்கும் துறைமுகத்தைக் கண்ட அப்பயணி, பின்னர் மலாக்கா நீரிணையின் வாயிலில், சுமத்திராவின் வடகரையில் இருந்த சமுத்திரா அரசையும் கண்டார். தாயகம் திரும்பிய பின், 1355இல் ஃபெஸ் நகரில் தம் பயண நூலைச் சொல்லி எழுதுவித்து முடித்தார். ஃபெஸ், மதுரை, மலாக்கா நீரிணை ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே நூலுள் இடம்பெற்றன.

ஃபெஸ் போன்ற நகரங்களைக் காட்டும் முறையில் பினாங்கின் ஜார்ஜ் டவுனை நோக்கினால் புலப்படுவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழாசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்லும் கல்விச் சுற்றுலாக்களை மனத்திற்கொண்டு இது எழுதப்பெறுகின்றது.

ஃபெஸ் நகரில் கற்றது

மேற்படிப்பின்பொருட்டு அயல்நாட்டில் வாழ்ந்த காலத்தில், ஃபெஸ் நகரின் பழம்பகுதியை ஒரு வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் அரண்மனையிலிருந்து தொடங்கவில்லை. கரவிய்யீன் பள்ளிவாசலின் வாயிலில் நம்மை நிறுத்தினார். 859ஆம் ஆண்டு பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவியதாக மரபு கூறும் பள்ளிவாசல் அது. பின்னர்க் கடை வரிசைகள், குளியலகம், நீரூற்று, மதரசா எனச் சென்றோம். ஒவ்வோரிடத்திலும் அவர் சொன்னது ஏறத்தாழ ஒன்றே: இந்தக் கடையின் வாடகை எந்தப் பள்ளிவாசலுக்குரியது, இந்த ஊற்றை யார் கொடுத்தார். மொரோக்கோவில் ‘ஹபூஸ்’ என்றும், நம் பகுதியில் ‘வக்ஃபு’ என்றும் வழங்கும் அறக்கொடையே அந்நகரின் எலும்புக்கூடு என்பதை அன்று உணர்ந்தோம்.

பூ இனானிய்யா மதரசா 1351க்கும் 1356க்கும் இடையில் எழுப்பப்பட்டது. அதற்குரிய கடைகளும் வீடுகளும் பிறவும் சலவைக்கல்லில் பட்டியலாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதனைக் கட்டிய சுல்தான் அபூ இனானே இப்னு பதூதாவின் நூலையும் எழுதப் பணித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழ் படித்தவருக்கு அக்கல் புதிதாகத் தோன்றாது. நந்தாவிளக்கெரிக்க ஆடும், அமுதுபடிக்கு நிலமும் கொடுத்த செய்தியைக் கூறும் நம் கோயிற் கல்வெட்டுகளின் உடன்பிறப்பு அது. கொடுத்தவர் யார், கொடுத்தது யாது, எதற்காகக் கொடுத்தார் என்னும் மூன்று வினாக்களுக்கு இரண்டும் விடை கூறுகின்றன.

கோட்டையில் தொடங்கும் வரலாறு

ஜார்ஜ் டவுனைக் காட்டும் சுற்றுலா பெரும்பாலும் கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குகின்றது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் தீவைக் கைக்கொண்ட செய்தியே முதற்செய்தியாக அமைகின்றது. இத்தொடக்கம் பிழையன்று, ஆனால் போதாது. லைட் 1794இல் எழுதிய அறிக்கையே இதற்குச் சான்றாகும். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியாக்களுள் பெரும்பாலோர் நெடுங்காலமாகக் கடாரத்தோடு (இன்றைய கெடா) வாணிகம் செய்து வந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் அவர் குறிக்கின்றார். அவர்களுள் ஏறத்தாழ 1000 பேர் தீவில் குடியேறியிருந்தனர். கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கொணர்ந்தன. எனவே, கோட்டை எழுந்த பின்னர் வந்து சேர்ந்த கூட்டமாக மட்டும் சூலியாக்களைக் கருதுதல் பொருந்தாது. முன்பே இயங்கிய கடல்வணிகம் ஒன்று புதிய துறைமுகத்திற்குத் தன் தளத்தை மாற்றிக்கொண்டது என்பதே பொருத்தமாகும்.

‘சூலியா’ என்பது சோழமண்டலத்தோடு தொடர்புபடுத்தப்படும் சொல். மரைக்காயர், இலப்பை, இராவுத்தர் எனத் தம்முள் வேறுபட்டிருந்த தமிழ் முஸ்லிம்களை இங்குள்ளோர் அப்பொதுப் பெயரால் அழைத்தனர். மலாய் மொழியில் வழங்கும் காப்பால், கெடாய், மோடால், பெட்டி ஆகிய சொற்கள் முறையே நம் கப்பல், கடை, முதல், பெட்டி என்பனவே. வணிகரோடு வணிகச் சொற்களும் குடியேறின.

சூலியா வீதியும் நாகூர் தர்காவும்

ஆதலின், நம் நடை சூலியா வீதியும் கிங் வீதியும் கூடும் முனையில் தொடங்குதல் நன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா இங்கே உள்ளது. நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டப்பட்டது இது. இங்கு அவருடைய அடக்கத்தலம் இல்லை; நினைவு மட்டுமே உள்ளது. கடல் கடந்து சென்ற நாகூர்க் கரையார் தம் ஊரின் புனிதத்தை உடன் கொண்டு வந்தமைக்கு இது சான்று. கட்டடத்தின் புறச்சுவரை ஒட்டிச் சிறு கடைகள் அமைந்துள்ளமையும் நோக்கத்தக்கது. தொழுமிடமும் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வமைப்பையே ஃபெஸ் நகரின் சந்துகளிலும் கண்டோம். அருகிலுள்ள மார்க்கெட் வீதியைத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கினர்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்

சூலியா வீதியின் வழியே மேற்கே நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அடையலாம். ‘கிளிங்’ என்னும் சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்து, முன்னாளில் தென்னிந்தியரைப் பொதுவாகச் சுட்டியது. இன்று இழிவுப் பொருள் ஏறியமையால் நம்மவரைப் புண்படுத்துவது. பள்ளிவாசலின் பெயரில் அதன் பழைய பொருள் எஞ்சியுள்ளது என்பதை மாணவருக்கு விளக்குதல் வேண்டும்.

தென்னிந்திய மக்களின் தலைவராக ஆங்கிலேயரால் ஏற்கப்பட்ட காதர் முகைதீன் இதன் நிறுவனர். 1801இல் ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. இன்று நாம் காணும் குவிமாடங்களும் மினாராவும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூப்ரோன்னர் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை. கண்ணைக் கவரும் இவற்றைவிட அந்த 18 ஏக்கரே வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது. தொழுவோர் குடியிருக்கவும், இறந்தோரை அடக்கம் செய்யவும், வருவாய் பெறவும் உரிய நிலம் அது. 1834இல் மறைந்த காதர் முகைதீனின் அடக்கத்தலம் அண்மையில் உள்ள கம்போங் கோலத்தில் இருக்கின்றது.

ஓர் உயிலின் கதை

ஃபெஸ் நகரில் நூற்றாண்டுகள் நிலைத்த அறக்கொடை முறை ஜார்ஜ் டவுனில் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. சூலியா வீதியில் நூர்தீன் குடும்பத்தாரின் அடக்கத்தலம் உள்ளது. அக்குடும்பத்தின் பெருவணிகரான முகமது நூர்தீன் தம் உயிலில் கந்தூரிக்கெனச் சொத்து ஒதுக்கியிருந்தார். இறந்தோர் நினைவாகவும் இறைநேசர் நினைவாகவும் பலருக்கும் உணவளிக்கும் கந்தூரி, நாகூர்க் கரையார் அனைவரும் அறிந்த வழக்கம். ஆனால், 1871இல் ‘பாத்திமா எதிர் லோகன்’ என்னும் வழக்கில், பினாங்கின் சட்டம் ஆங்கிலச் சட்டமே என்றும், கந்தூரிக்கு என்றென்றைக்குமாக ஒதுக்கிய கொடை அச்சட்டத்தின்படி அறக்கொடையாகாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது.

இத்தீர்ப்பைச் சட்டவியலார் பலர் ஆராய்ந்துள்ளனர். தமிழாய்வு நோக்கில் அது வேறொரு வினாவை எழுப்புகின்றது. ‘கந்தூரி’ என்னும் சொல்லுக்குள் பசித்தவர்க்கு உணவிடும் அறமும் அடங்கியிருந்தது. நீதிமன்றத்திற்கு அது விருந்தாகவே தோன்றியது. ஒரு சமூகத்தின் சொல்லைப் பிறர் தம் அளவுகோலால் பொருள்கொள்ளும்போது அச்சமூகத்தின் சொத்தும் கைமாறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

1905ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டம் இரு சமயத்தாரின் கொடைகளையும் அரசு அமைத்த வாரியத்தின்கீழ்க் கொணர வழி செய்தது. அதன்பின் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, நேரிய வீதிகளும் கடைவீடுகளும் எழுந்தன. கூ சல்மா நசுத்தியோன் 2014இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பினாங்குச் சூலியாக்கள் பற்றிய விரிந்த நூல் இம்மாற்றத்தை ஆராய்கின்றது. வருவாய் பெருகியிருக்கலாம், பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழ்ந்த ஊர் கலைந்தது.

ஆச்சே வீதியும் ஹஜ் பயணமும்

இங்கிருந்து தென்மேற்கே சிறிது நடந்தால் ஆச்சே வீதியை அடையலாம். ஆச்சே அரச குடும்பத்தோடு தொடர்புடைய அரபு வணிகர் சையது உசேன் அல்-ஐதித் 1808இல் நிறுவிய பள்ளிவாசல் இங்குள்ளது. எகிப்தியப் பாங்கில் அமைந்த அதன் எண்கோண மினாரா, சூலியா வீதியில் கண்ட கட்டடங்களினின்று வேறுபட்டது. வட மாநிலங்களிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் வந்த ஹஜ் பயணிகள் இவ்வீதியில் தங்கிக் கப்பலேறினர். அதனால் இப்பகுதி ‘இரண்டாம் ஜித்தா’ என்றும் அழைக்கப்பெற்றது. 1970களில் கப்பல் பயணம் நின்று விமானப் பயணம் வழக்கமானபோது அவ்வாழ்க்கையும் முடிவுற்றது. அரபியரும் ஆச்சே நாட்டினரும் தமிழரும் பத்து நிமிட நடைக்குள் தத்தம் தொழுமிடங்களை அமைத்துக்கொண்ட நகரம் இது. ஆயினும், இன்றைய வழிகாட்டி ஏடுகளில் அரபுப் பங்கும் மலாய்ப் பங்கும் தெளிவாகப் பெயர் பெறும் அளவிற்குத் தமிழ்ப் பங்கு பெயர் பெறுவதில்லை. ‘இந்திய முஸ்லிம்’ என்னும் பொதுப் பெயருள் அது மறைகின்றது.

இன்றைய நிலை

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. குறைந்த வாடகையில் தலைமுறைகளாகக் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்கள் காப்பாற்றப்படுகின்றன, பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. ஆனால், கட்டடத்தில் வாழ்ந்தோரின் மொழியை எந்தச் சட்டமும் காப்பதில்லை. அதனைக் காக்கும் கடமை மொழியைக் கற்பிப்போரைச் சார்ந்தது.

இக்கடமையில் நாம் பின்தங்கியுள்ளோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தியவர். பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கப் புலவருள் ஒருவராக விளங்கியவர். அவரைத் தமிழிலக்கிய வரலாற்றில் படிக்கும் மாணவர், அவர் நடந்த வீதிகள் தம் ஊரில் உள்ளன என்பதை அறியாமலே தேர்வெழுதுகின்றனர். சமய வேறுபாட்டின் காரணமாகத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு தமிழ் வரலாறு விலக்கப்படுமாயின், அவ்விழப்பு தமிழுக்கே உரியது.

முடிவுரை

ஃபெஸ் நகரையும் ஜார்ஜ் டவுனையும் சமமென நிறுவுதல் நம் நோக்கமன்று. ஒன்று ஆயிரம் ஆண்டைக் கடந்தது. மற்றொன்று 250 ஆண்டுகளையும் எட்டாதது. ஆயினும், கொடுத்தவர் யார், கொடுத்தது யாது, எதற்காகக் கொடுத்தார் என்னும் மூன்று வினாக்கள் இரண்டிற்கும் பொருந்துகின்றன. அடுத்த முறை மாணவரை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் நாகூர் தர்காவிலிருந்து தொடங்கி ஆச்சே வீதி வரை நடத்திச் செல்லலாம். கல்லறைப் பொறிப்புகளைப் படியெடுத்தல், வீதிகளின் தமிழ்ப் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பதிதல், குடும்பங்கள் காத்துவரும் பழைய ஏடுகளையும் அர்வி எழுத்துச் சுவடிகளையும் கண்டறிதல் ஆகியவை உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யக்கூடிய பணிகளாம். அவ்வீதிகளில் தமிழ் பேசி வளர்ந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.