உப்பும் உறைபனியும்: கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிறந்து வளர்ந்தவருக்கு ஐஸ் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். மீன்கடையில் அது விரைவில் உருகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. உறைபனியைக் காண விரும்புவோர் நுவரெலியாவுக்குச் செல்ல வேண்டும். அங்கும் அது தேயிலைக் கொழுந்தைக் கருக்குமேயன்றி வீட்டு வாசலில் எவரையும் வழுக்கி விழுத்துவதில்லை.

கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கப்பெற்ற 1866ஆம் ஆண்டிலேயே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கொடறிச் நகரில் எண்ணெய் தேடித் துளையிட்டோர் உப்புப் படிவத்தைக் கண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் கொழும்பை விட்டுப் பெயர்ந்து ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் குடியேறிய தமிழர், மாரிகாலம் தோறும் உப்பு வாளியுடன் வாசலில் நிற்க வேண்டியவராயினர்.

பனியை அகற்றுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கம் எனக் கருதுதல் தவறு. 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கருக்குப் பனி பகையன்று, அதுவே பாதை. சறுக்கு வண்டிகள் இலகுவாகச் செல்லும்பொருட்டு, குதிரைகள் இழுத்த பெரும் உருளைகளால் அதனை அழுத்தி இறுக்கினர். கூரையிட்ட மரப்பாலங்களுக்குள் பனியை அள்ளிவந்து பரப்பியதும் உண்டு! மோட்டார் வண்டி பரவிய பின்னரே அப்பனி ஆபத்தாயிற்று. மணலும் சாம்பலும் தூவப்பெற்ற தெருக்களில், 1938இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் உப்பிட்டுப் பரிசோதித்தது. கொடறிச்சில் 1959இல் திறக்கப்பட்ட சுரங்கம், ஹியூறன் ஏரியின் கீழ் ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில் இன்று விரிந்து கிடக்கிறது.

உப்பு தானாக வெப்பம் தருவதில்லை. நீர் உறையும் வெப்பநிலையைத் தாழ்த்துவதே அதன் தொழில். கையாற் சுழற்றும் ஐஸ்கிறீம் வாளியிலும் இதே விதிதான் செயற்படுகிறது. அங்கே உப்பிட்ட ஐஸ் உருகும்போது பாலின் வெப்பத்தைக் கவர்ந்து பாலை உறையச் செய்கிறது. வாசலிலோ உருகுதலே வேண்டப்படுவது. நூற்றுக்கு 23 பங்களவு உப்புச் சேர்ந்த கரைசல், பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை செல்சியசு வரை உறையாது. ஆனால் நடைமுறையில், பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையை அண்மியதுமே சாதாரண உப்பின் வேகம் குன்றிவிடும். அப்போது மணலே கைகொடுக்கும். அது ஐஸை உருக்காது, காலுக்குப் பிடிப்பு மட்டும் தரும்.

எனவே காலம் அறிந்து இடுதலே முக்கியம். பனி பெய்யுமுன் மெல்லிதாக உப்புத் தூவினால் ஐஸ் தரையுடன் இறுகப் பற்றாது. பின்னர் மண்வாரியால் எளிதில் வழித்தெடுக்கலாம். படிந்த பனியை வழிக்காது அதன்மேல் உப்பைக் கொட்டுதல் வீண். 20 அடி நீளமான வாசற்பாதைக்கு ஒரு கோப்பை உப்பே போதும் என்பர். வாளி வாளியாகக் கொட்டுவோரே மிகுதி. கொட்டிய உப்பு கொங்கிறீற்றை அரிக்கிறது, வண்டியைத் துருப்பிடிக்கச் செய்கிறது, வாசலோரப் புல்லைக் கருகச் செய்கிறது. தெருவுப்பு சூழலுக்கு நஞ்சாகும் எனக் கனடிய மத்திய அரசின் ஆய்வு 2001இல் முடிவு கூறிற்று. ஏரிக்கடியிலிருந்து அகழ்ந்த உப்பு, இளவேனிலில் பனிநீருடன் கரைந்து வடிகால்கள் வழியே ஓடைகளையும் ஏரிகளையும் சென்றடைகிறது.