பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகள்



லீவுக்குச் சென்னை போன நாங்கள் முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவையும் பார்த்தோம். 1996இல் திறந்த இடம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளை அந்தந்த ஊரில் கழற்றி, தூண், கதவு, பலகை என்று கொண்டுவந்து, இங்கே திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். கேரளத்துப் புதுப்பள்ளியில் 1850இல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு நிற்கிறது. செட்டிநாட்டு வணிகர் வீடும், நெசவாளர், குயவர் வீடுகளும் உண்டு. அரசர்களின் கோட்டை மட்டுமல்ல, சனங்களின் குசினியும் வரலாறுதான்.

அங்கே திண்ணையில் இருந்தபோது எங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவிலும் நீராவிப்பிட்டியிலும் விட்டுவந்த வீடுகளை யாரும் கழற்றிக் கொண்டுவரவில்லை. பல வருடம் கழித்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, எங்கள் வளவில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். அந்த வீட்டை நாங்கள் கண்டதில்லை. உம்மம்மாதான் கண்டவர்.

வந்ததும் கொப்பியும் பென்சிலுமாக அவர் பக்கத்தில் இருந்தோம். வாசல் எந்தப் பக்கம், தொழுத இடம் எது, நெல் மூட்டை எங்கே அடுக்கியது என்று கேட்டுக் கேட்டு வரைந்தோம். இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இந்தக் கிழமையே கேளுங்கள். வரைந்து, பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.