தனிமை விரும்பிகளுக்கு கங்கை சொகுசுக் கப்பல் செட் ஆகுமா? கொல்கத்தா சொல்லும் கணக்கு

டீம் அவுட்டிங் என்று மெயில் வந்ததுமே, அந்தத் தேதியில் வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்று காலண்டரைத் தேடும் ஆளா நீங்கள்? லீவு என்றால் கூட்டமில்லாத இடம், கையில் ஒரு புத்தகம், யாரும் எதுவும் கேட்காத நாலு நாள், அவ்வளவு போதும் என்பவரா?

அப்படியென்றால் கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதியில் கிளம்பும் சொகுசுக் கப்பல்களின் விளம்பரம் உங்களை இழுக்கத்தான் செய்யும். ஆயிரக்கணக்கில் கூட்டம் கிடையாது. 24 பேர், 36 பேர், 40 பேர்தான். தனி அறை, நதியைப் பார்த்த ஜன்னல், ஒரு வாரம். கட்டணம் லட்ச ரூபாய்க் கணக்கில் போகும் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது: இன்ட்ரோவர்ட்டுகளுக்கு இது உண்மையிலேயே ஏற்றதா?

சுருக்கமான பதில்: கூட்டம் பிடிக்காதவருக்கு ஏற்றது. பேச்சு பிடிக்காதவருக்கு ஏற்றதல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. ஏன் என்று பார்ப்போம்.

கொல்கத்தாவில் என்னென்ன கப்பல்கள் இருக்கின்றன?

ஹல்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளும் தேசிய நீர்வழி எண் 1, கொல்கத்தா வழியாகத்தான் போகிறது. இந்தப் பாதையில் ஓடும் சுற்றுலாக் கப்பல்களில் அதிகம் பேசப்பட்டது எம்.வி. கங்கா விலாஸ். 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் பிரதமர் மோடி காணொளி வழியாகத் தொடங்கி வைத்தார். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை 51 நாட்கள், சுமார் 3,200 கி.மீ. மூன்று தளங்கள், 18 சூட் அறைகள், 36 பயணிகள். முதல் பயணத்தில் சென்றவர்கள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 32 பேர்.

51 நாள் லீவு நம்மில் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. நமக்குச் சாத்தியமானது, கொல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத், ஃபரக்கா பக்கம் போகும் சுமார் ஒரு வாரப் பயணங்கள். அசாம் பெங்கால் நேவிகேஷன் நிறுவனத்தின் ஏபிஎன் ராஜ்மஹால் கப்பலில் 22 அறைகள், 40 பயணிகள். அதே நிறுவனத்தின் சுகாபாவில் 12 அறைகள், 24 பயணிகள். கேஞ்சஸ் வாயேஜர் கப்பலில் 28 சூட்கள், 56 பயணிகள். எதுவுமே ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் பந்தி அளவுகூட வராது.

கப்பலில் நெரிசலை எப்படி அளப்பது?

கப்பல் துறையில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்த டன்னேஜை (இது எடை அல்ல, உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கும் எண்) பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் தலைக்கு இடம் அதிகம்.

மூன்று கடல் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். அறைக்கு இருவர் என்று கணக்கு.

- கார்டீலியா எம்ப்ரஸ்: 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய கப்பல். சுமார் 48,500 டன்னேஜ், 796 அறைகள். தலைக்கு சுமார் 30.
- வைக்கிங் ஸ்டார்: சுமார் 47,800 டன்னேஜ், 930 பயணிகள். தலைக்கு சுமார் 51.
- ஐகான் ஆஃப் தி சீஸ்: 2024 ஜனவரியில் பயணிகளோடு ஓடத் தொடங்கிய பிரம்மாண்டம். சுமார் 2,48,600 டன்னேஜ், 5,610 பயணிகள். தலைக்கு சுமார் 44.

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள கப்பல்கள். ஆனால் ஒன்றில் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை மற்றொன்றைவிட 650 பேருக்கு மேல் அதிகம். அதைவிட ஆச்சரியம், 20 தளங்கள் கொண்ட ஐகானில், சின்னக் கப்பலான எம்ப்ரஸைவிட தலைக்கு இடம் கூடுதல். ஆக, 'பெரிய கப்பல் என்றால் நெரிசல், சின்னக் கப்பல் என்றால் நிம்மதி' என்ற நம் ஊகம் எப்போதும் சரியாக வராது. லிஃப்ட் வாசலிலும் நீச்சல் குளத்திலும் பஃபே வரிசையிலும் நீங்கள் படப்போகும் அவஸ்தையை, மொத்தப் பயணிகள் எண்ணிக்கையைவிட இந்த எண்ணே சரியாகச் சொல்லும்.

அப்படியென்றால் 36 பேர் கப்பலில் நிம்மதிதானே?

இங்கேதான் கணக்கு திரும்புகிறது.

கங்கா விலாஸின் நீளம் சுமார் 62 மீட்டர், அகலம் சுமார் 12 மீட்டர். இன்றைய ரயில் பெட்டிகள் மூன்றைக் கோர்த்தால் வரும் நீளம்கூட இல்லை. இந்த அளவுக் கப்பல்களில் பொதுவாக ஒரே ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு ஓய்வறை, மேலே ஒரு திறந்த தளம். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள். ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை என்றால் 21 வேளை, அதே முகங்களோடு.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ஆயிரம் பேர் வரும் ரிசப்ஷனுக்குப் போகிறீர்கள். மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சாப்பிட்டு நழுவிவிடலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை. அதே சமயம், 30 பேர் மட்டும் வரும் வளைகாப்புக்குப் போய்ப் பாருங்கள். "எங்க வேலை? சம்பளம் எவ்வளவு? கல்யாணம் எப்போ?" என்று ஒவ்வொருவராக வந்து விசாரிப்பார்கள். அங்கே கூட்டமே இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

நதிக் கப்பல் இந்த வளைகாப்பு வகை. முதல் நாள் சிரிப்பு, இரண்டாம் நாள் ஊர் பேர், மூன்றாம் நாள் "நேத்து டின்னருக்கு உங்களைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்ற விசாரிப்பு. கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் வாரம் முழுக்க ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் பேசிக் களைத்து வந்தவருக்கு அந்த அக்கறையே பாரம்.

இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் என்ற பிரிவை 1921ல் வெளியான தன் நூலில் விரிவாக முன்வைத்த உளவியலாளர் கார்ல் யுங், மனதின் ஆர்வம் உள்நோக்கித் திரும்புகிறதா, வெளிநோக்கித் திரும்புகிறதா என்பதைத்தான் பேசினார். கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவது அதன் ஒரு பக்க விளைவாக இருக்கலாம், அவ்வளவே. சிலருக்குச் சத்தமும் தள்ளுமுள்ளும்தான் பிரச்சினை. நாலு பேரோடு ஆழமாகப் பேசுவது பிடிக்கும். வேறு சிலருக்குக் கூட்டத்துக்கு நடுவே முகம் தெரியாதவராக உட்காருவது சுகம். ஒருவர் பக்கத்தில் வந்து பேச ஆரம்பித்தால்தான் சிரமம். நீங்கள் இதில் எந்த வகை என்று தெரியாமல் அறையை புக் செய்யக் கூடாது.

கூடுதல் பணம் கொடுத்து பிரீமியம் அறை எடுத்தால்?

பிரீமியம் அறை வாங்கித் தருவது ஒரு நல்ல கதவையும், அதற்குப் பின்னால் கொஞ்சம் அதிக இடத்தையும்தான். அந்தக் கதவுக்கு வெளியே உலகம் மாறாது.

பெரிய கடல் கப்பல்களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள்: கப்பலுக்குள் இன்னொரு கப்பல். எம்எஸ்சி நிறுவனத்தின் யாட் கிளப், நார்வேஜியன் நிறுவனத்தின் ஹேவன் ஆகியவை இப்படிப்பட்டவை. சூட் வாசிகளுக்கு மட்டும் தனி ஓய்வறை, தனி உணவகம், வெயில் காயத் தனித் தளம். கீழே ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்க, மேலே அமைதி. கூட்டம் பிடிக்காதவர் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு இங்கே நிஜமான பலன் இருக்கிறது.

கங்கையில் ஓடும் கப்பலில் அப்படிப் பிரித்துக் கொடுக்க இடமே கிடையாது. பெரிய சூட் எடுத்தாலும் சாப்பாடு அதே கூடத்தில், சுற்றிப் பார்ப்பது அதே குழுவோடு. கூடுதல் பணம் இரண்டு விஷயங்களுக்கு உதவும். ஒன்று, தளம்: கீழ்த்தள அறைகளில் இன்ஜின், ஜெனரேட்டர் சத்தம் கேட்க வாய்ப்பு அதிகம். இரண்டு, பால்கனி. ஆனால் 'பிரெஞ்சு பால்கனி' என்று போட்டிருந்தால் கவனம். அது தரையோடு திறக்கும் கண்ணாடிக் கதவும் கம்பியும்தான்; நாற்காலி போட்டு உட்கார இடம் இருக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். வசதி கூடக் கூட, கவனிப்பும் கூடும். பட்லர் வந்து கதவைத் தட்டுவார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், டீ வேண்டுமா என்பார். சிலருக்கு அது ராஜ மரியாதை. சிலருக்கு அதுவும் ஒரு உரையாடல்.

கப்பலை விட்டு இறங்கினால்?

ஹூக்ளி நடுக்கடல் போல ஆளில்லாத இடம் இல்லை. கொல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் நடுவே நாள் முழுக்க ஃபெர்ரிகள் குறுக்கும் நெடுக்கும் போகும். படித்துறைகளில் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், பூஜை செய்பவர்கள். பால்கனியில் நீங்கள் உட்கார்ந்தால், நீங்கள் நதியைப் பார்ப்பது போலவே கரையில் இருப்பவர்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

கரையிறங்கும் இடங்களும் ஒரே மாதிரி இல்லை. இஸ்கான் தலைமையகம் இருக்கும் மாயாப்பூரிலும், 1837ல் கட்டி முடிக்கப்பட்ட முர்ஷிதாபாத் ஹசார்துவாரி அரண்மனையிலும் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். 1809ல் கட்டப்பட்ட கால்னாவின் 108 சிவாலயங்களில், இரண்டு வட்டங்களாக நிற்கும் சின்னச் சின்னக் கோயில்களைச் சுற்றித் தனியே நடக்கலாம். புதுச்சேரி போலவே பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த சந்தன்நகரில் ஆற்றோர நடைபாதை இருக்கிறது. துர்கா பூஜை வாரம் மட்டும் கணக்கில் வேறு: அந்த நாட்களில் கொல்கத்தாவில் கூட்டமில்லாத இடத்தைத் தேடுவது வீண் வேலை.

தனி ஆளாகப் போனால் எவ்வளவு கூடும்?

விளம்பரத்தில் வரும் கட்டணம் பெரும்பாலும் 'இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு' என்ற கணக்கு. தனியாகத் தங்கினால் அதற்கு மேல் கூடுதல் தொகை உண்டு. சில இடங்களில் கிட்டத்தட்ட இருவருக்கான பணத்தையே கட்ட வேண்டி வரும். ஒருவருக்கான அறைகளைத் தனியே கட்டிய கப்பல்களும் இருக்கின்றன: 2010ல் வந்த நார்வேஜியன் எபிக்கில் இப்படி 128 அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. தனிமைக்குப் போகிறவர் முதலில் பேச வேண்டியது இந்தக் கட்டணத்தைத்தான்.

புக் செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

- சாப்பாட்டு மேஜையில் இடம் நிர்ணயிக்கப்பட்டதா, விரும்பிய இடத்தில் உட்காரலாமா? இருவர் மேஜை இருக்கிறதா?
- சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவருவார்களா? எல்லா வேளையுமா, உடம்பு சரியில்லை என்றால் மட்டுமா?
- கரையிறங்கும் சுற்றுலாவுக்குப் போகாமல் கப்பலிலேயே இருந்தால் பிரச்சினை உண்டா? (மற்றவர்கள் இறங்கிய பிறகு காலியாகும் மேல்தளம்தான் இந்தப் பயணத்தின் சிறந்த இரண்டு மணி நேரம்.)
- ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?
- அறை எந்தத் தளம்? ஜன்னலுக்கு வெளியே பொது நடைபாதை இருக்கிறதா?
- அந்தத் தேதியில் ஒரே குழுவாக யாராவது மொத்தமாக புக் செய்திருக்கிறார்களா? 40 பேரில் 30 பேர் ஒரே குடும்பம் என்றால், நீங்கள் அழையா விருந்தாளி.

கப்பல் இல்லாமல் இதே நதி கிடைக்காதா?

கிடைக்கும். ஹவுராவிலிருந்து சந்தன்நகருக்கு லோக்கல் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். முர்ஷிதாபாத் பக்கம் போக வேண்டுமென்றால் ஹவுராவிலிருந்து அசிம்கஞ்சுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கே ஆற்றங்கரையில் பழைய வணிகர் மாளிகையான பாரி கோட்டியை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். எப்போது சாப்பிடுவது, எப்போது கிளம்புவது, யாரோடு பேசுவது எல்லாம் உங்கள் முடிவு. பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம். கப்பலில் அது முடியாது.

ஆக, மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சத்தம்தான் பிரச்சினை, நாலு நல்ல மனிதர்கள் ஓகே என்றால் கொல்கத்தாவின் 24 பேர் கப்பல் உங்களுக்கானது. வரிசையும் பிடிக்காது, விசாரிப்பும் பிடிக்காது, பணம் இருக்கிறது என்றால் பெரிய கடல் கப்பலின் தனிப் பகுதி. யாரும் எதுவும் கேட்கக் கூடாது, வேண்டும்போது கிளம்பிவிட வேண்டும் என்றால் ரயில் டிக்கெட்டும் ஆற்றோர அறையும் போதும். மூன்றிலும் செலவு குறைவு கடைசி வழிக்குத்தான்.